கேட்காத கிட்டார்

இன்னும் சூடாகவில்லை. ஆகட்டும், எனக்கென்ன அவசரம், எனக்குள் சூடாக வேண்டியதெல்லாம் காலையிலேயே சூடாகிவிட்டது. கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, அதுவும் வால்வு ஆம்ப் என்றால் இப்படித்தான். சுவிட்சைப் போட்டதும் பாடாது, உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவந்து வரும்வரை எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருப்பது மாதிரி. கீழே இருப்பது பெரியது, நூறு வாட், தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும், ட்ரம்ஸ் வாசிக்கிற மெல்வின் கடையிலேயே அதற்கு பீமன் என்று பெயர் வைத்துவிட்டான். அதன் தலைமேல் இருப்பது இருபது வாட், டிபன் கேரியர் அளவுதான், அது பொடிசு. இரண்டும் கடையிலிருந்து இன்று ஒருநாள் இரவல். ஒன்றை வாங்கப்போகிறோம். வாங்கப்போகிறோம் என்கிறேன், வாங்கப்போகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டுமோ என்னவோ. போன வாரம் தாம்பரத்தில் ஒரு கல்லூரி விழாவில் வாசித்து முடித்து டீக்கடையில் நிற்கும்போது பாரி சொன்னான். பாரிதான் எங்கள் பாடகன், பாட்டு எழுதுகிறவன், பேண்டைத் தொடங்கியவன், அதனால் யாருடைய முகத்தைப் பார்த்தும் எதையும் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு என்று நினைப்பு. "தாட்சு, தப்பா எடுத்துக்காத, மேடைல நீ இருக்கியா இல்லையான்னே தெரியல. கேக்கவே மாட்டேங்குது. ஒரு கிட்டார் போதும்னு தோணுது." தப்பா எடுத்துக்காத. இதைச் சொல்லிவிட்டு எவனாவது நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கிறானா? பிறகு அவனே ஒரு பெரிய மனசு பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஒத்திகைக்கு வாடகைக்கு எடுக்கும் சாலிகிராமத்து ஜாம் ரூமில், கிட்டார்காரர்கள் இரண்டு பேரும் ஒரே பாட்டை இரண்டு ஆம்ப்பிலும் வாசிப்பது, அவன் கதவுக்கு வெளியே நின்று கேட்பது, எது கேட்கிறதோ அது இருக்கும், எது கேட்கவில்லையோ அது போகும். ஆம்ப்புக்கும் அதே விதி, ஆளுக்கும் அதே விதி. இருக்கியா இல்லையான்னே தெரியல. டீயைக் குடித்து முடித்து கிளாஸைக்கூடக் கழுவி வைத்துவிட்டு வந்தேனே, அவன் மூஞ்சியில் ஊற்றாமல். அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

இந்த அறை ஒரு கேவலம். மேலே டிரைவிங் ஸ்கூல், கீழே நாங்கள். சுவரெல்லாம் பழைய கல்யாண மண்டபத்துச் சிவப்புக் கம்பளம், ஏசித் தண்ணீர் அதில் ஊறி ஊறி நாய் நனைந்த வாடை. யாரோ முட்டை பிரியாணி தின்றுவிட்டுப் பொட்டலத்தை மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொருகியிருக்கிறான், சீலனாகத்தான் இருக்கும். சீலன், தனசீலன், இன்னொரு கிட்டார். கேட்கிற கிட்டார். அவனை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல், அவனைப் பிடிக்காமல் போவதற்கு அவன் ஒரு காரணமும் தந்ததில்லை. சிரிப்பான். வண்டியில் கொண்டுபோய் விடுவான். நான் பேண்டில் சேர்ந்த அன்றைக்கு என் சத்தத்தைக் கேட்டு முதலில் கைதட்டியவன் அவன்தான். "தாட்சு, உன் டோன் செம, தொடவே தொடாத, அப்படியே வச்சுக்க." இரண்டு வருஷமாகத் தொடவில்லை. ஆனால் மேடையில் சவுண்ட் ஆள் பக்கத்தில் போய் நிற்பவனும் அவன்தான். காதில் ஏதோ சொல்வான், இரண்டு பேரும் தலையாட்டுவார்கள், நிகழ்ச்சி தொடங்கும், நான் காணாமல் போவேன். என்ன சொல்கிறான்? அவளைக் குறைத்து வை என்றா? ஒருதடவை கேட்டேவிட்டேன், "உன்னோடதை ஏத்தச் சொன்னேன்மா" என்றான். ஏற்றினார்களாம், அப்படியும் கேட்கவில்லையாம். காதில் பூ சுற்றுகிறான் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

என் வீட்டில் வந்து கேட்கட்டும் பாரி. வில்லிவாக்கம், இரண்டாவது மாடி, கதவைச் சாத்தினால் நான் யார் என்று தெரியும். இன்சூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க மற்றவர்களின் உடைந்த பம்பர் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் கிட்டாரை மாட்டிக்கொண்டு அந்தத் தடித்த தந்தியைத் தட்டும்போது, ஐயோ, தரையிலிருந்து வருமே அது. சுவர் நகர்கிற மாதிரி. அந்தச் சத்தத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கரகரப்பைக் கூட்டும் கெயின் முழுசாக, அடிச்சத்தத்துக்கான பேஸ் முழுசாக, மேல்சத்தத்துக்கான ட்ரெபிள் முக்கால், நடுவில் மிட் என்று ஒரு குமிழ் உண்டு, அதைக் கூட்டினால் மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அசிங்கம், அதைப் பூஜ்யத்தில் வைத்தேன். வைத்ததும் ஏதோ கதவு திறந்த மாதிரி இருந்தது. மேலே கண்ணாடி, கீழே பாறை, நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தச் சத்தத்தில்? கீழ்வீட்டுக் கோதண்டராமன் விளக்குமாற்றுக் கட்டையால் சீலிங்கை இடிக்காத சத்தத்தில். அந்த மனுஷனுக்கு என் கிட்டார் ஆகாது, ஆனால் விடியற்காலையில் அவர் மிக்சியில் எதையோ கல்லைப் போட்டு அரைப்பது ஆகும். வால்வு ஆம்ப்பின் வால்யூம் குமிழ் இருக்கிறதே, அது ஒரு ரவுடி. பூஜ்யத்தில் பிணம். முடியளவு திருப்பினால் கோதண்டராமன். அந்தப் பிணத்துக்கும் கோதண்டராமனுக்கும் இடையில் ஓர் இடம் இருக்கிறது, விரல் நுனியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும், அங்கேதான் நான் குடியிருந்தேன் இத்தனை வருஷம். தந்தியில் நகம் படுகிற சத்தம் ஸ்பீக்கர் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். பரவாயில்லை. நூறு வாட்டோ இருபது வாட்டோ, வீட்டில் இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே வாயைப் பொத்திக்கொண்டுதான் பாட வேண்டும். இருபது வாட் என்றால் ஐந்தில் ஒரு பங்கு சத்தம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள், பாதி சத்தம்கூடக் குறையாது, இதெல்லாம் தெரியாமல் யூடியூபில் உட்கார்ந்து இரண்டு ஆம்ப்பை ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். வீட்டுக்கு எது, பேண்டுக்கு எது. ஒரு ரூமில், தனியாக, ட்ரம்ஸ் இல்லாமல், தாடியைத் தடவிக்கொண்டு. உங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு கமெண்டுல சொல்லுங்க. சொல்கிறேன் வா. பேண்டை விட்டு அனுப்பிவிட்டால் எனக்கு மிஞ்சப்போவது அந்த அறைதான், அந்த விரல் நுனி இடம், கோதண்டராமன், அவ்வளவுதான். எனக்கு முப்பத்து நான்கு வயசு, இன்னொரு பேண்ட் என்னைக் கூப்பிடாது, அது எனக்கு நன்றாகவே தெரியும்.

கதவு திறக்கிறது. மெல்வின். குச்சிகளைப் பின்பாக்கெட்டில் சொருகிக்கொண்டு, பானிபூரி வாடையோடு. சின்னப் பையன் மாதிரி இருப்பான், கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருக்கிறது. "என்னக்கா, சீக்கிரமே வந்துட்டீங்க, மூஞ்சி வேற உர்ருனு இருக்கு." கிட்டாரை மாட்டிக்கொள்கிறேன். பின்னால் பாரி தலையை மட்டும் நீட்டுகிறான், உள்ளே வரக்கூடத் தைரியமில்லை. "தாட்சு, நான் வெளியவே நிக்கிறேன். சீலன் பார்க்கிங்ல இருக்கான். நீ முதல்ல ஆரம்பி." நீதிபதி கதவைச் சாத்திக்கொண்டான். முதலில் பொடிசு. சத்தத்தைத் திறந்துவிடும் ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தள்ளுகிறேன், ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு மூச்சு, உஸ். குமிழ்களை என் கணக்குக்கு வைக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டே வைப்பேன், முழுசு, முழுசு, பூஜ்யம், முக்கால். தனியாக ஒரு தட்டு. பார், பார், இது யாருடையது? அறை முழுக்க நான். கம்பளம் அதிர்கிறது. இதைக் கேட்கவில்லை என்கிறவன் காதைக் கழுவிக்கொண்டு வரட்டும். "போலாமாக்கா?" போலாம். மெல்வின் எண்ணிவிட்டு இறங்குகிறான், காலால் மிதிக்கும் கிக் ட்ரம், முன்னாலிருக்கும் ஸ்நேர், அப்புறம் சிம்பல் என்கிற அந்தத் தகரத் தாம்பாளங்கள், நான் பாட்டுக்குள் கால் வைக்கிறேன், கையில் தந்தி அதிர்வது தெரிகிறது, வேட்டு போடுகிற மாதிரி அடிக்கிறேன், ஆனால் எங்கே? இப்போதுதானே இருந்தது? கீழேயிருந்த பாறையை அவன் கிக் தின்றுவிட்டது. மேலேயிருந்த கண்ணாடியைத் தாம்பாளம் தின்றுவிட்டது. நான் வாசிக்கிறேன் என்பது என் விரலுக்கு மட்டும் தெரிகிறது. வால்யூமை ஏற்று. ஏற்றுகிறேன். கும்மென்று ஏதோ கூடுகிறது, அதில் ஸ்வரம் இல்லை, லாரி நின்று உறுமுகிற மாதிரி ஒரு கும்மல். வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறான் பாரி. "ட்ரம்ஸும் ஒரு இரைச்சலும்தான் வருது, தாட்சு!" மெல்வின் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்க்கிறான். நான் தப்பாகக் கேட்டதாக இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன், வெட்கமே இல்லாமல்.

பீமன் இருக்கிறதே. பொடிசுக்கு வக்கில்லை, வீட்டுக்குத்தான் லாயக்கு, பேண்டுக்கு நூறு வாட் வேண்டும், எல்லாரும் சொல்வதுதானே. பொடிசை அணைக்கிறேன், அணைத்துவிட்டுத்தான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் பீமனில் மாட்ட வேண்டும், மெல்வின் உதவுகிறேன் பேர்வழி என்று முன்னாலேயே கையை வைக்கிறான், "எடுறா கைய!" என்று கத்திவிட்டேன், பாவம், அவன் என்ன செய்தான். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓடவிட்டால் உள்ளேயே வெந்துபோகும், சத்தம் வெளியே போக வழியில்லாமல். எனக்கு அது புரிகிறது. பீமனில் அதே முழுசு, முழுசு, பூஜ்யம், முக்கால். கதவு திறந்து சீலன் வருகிறான், கிட்டார் பையோடு, சிரிப்போடு, "சாரி தாட்சு, பார்க்கிங்ல ஒரு அறிவுகெட்டவன் குறுக்க விட்டுட்டான்." பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறான், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு. பார்க்கட்டும். மெல்வின் எண்ணுகிறான். இறங்குகிறேன். நூறு வாட் என் பின்னங்காலில் காற்றாக அடிக்கிறது, கால்சட்டைத் துணி ஆடுகிறது, ஆனாலும் நான் இல்லை. இல்லவே இல்லை. வேகமான இடம் வருகிறது, விரல் ஓடுகிறது, ஓடியதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அப்படியென்றால் பாரி சொன்னது உண்மை. சவுண்ட் ஆள் இல்லை, மேடை இல்லை, சீலன் யார் காதிலும் எதையும் ஓதவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான், இங்கேயும் நான் கேட்கவில்லை. அழுகை வந்தது. இவன்கள் முன்னால் அழுதால் கையை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். பாட்டு முடிந்தது. வெளியே பாரி இந்தத் தடவை கதவைக்கூடத் தட்டவில்லை. அது அவன் பாணியில் இரக்கம். போய்விடலாம். இப்போதே பையில் போட்டுக்கொண்டு, யார் மூஞ்சியையும் பார்க்காமல், படியேறிப் போய்விடலாம்.

"நான் ஒரு ரவுண்டு போறேன்" என்று எழுந்து வருகிறான் சீலன். அதே பீமன். நான் விலகிக்கொள்கிறேன், சுவரில் சாய்ந்தால் முதுகில் ஈரம். அவன் தன் வயரைச் சொருகுகிறான், இடது கையால் கிட்டாரைச் சரிசெய்துகொண்டே வலது கை போகிறது ஆம்ப் பக்கம். பார்க்கவேயில்லை அவன். பார்க்காமலே, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி, மிட்டைப் பிடித்து, பூஜ்யத்திலிருந்து முக்காலுக்குத் திருப்புகிறான். வேறெதையும் தொடவில்லை. பேஸ் கொஞ்சம் குறைத்தான், ஆமாம், அதுவும் செய்தான், ஆனால் முதலில் அது. மெல்வின் எண்ணுகிறான். சத்தம் வருகிறது, மூக்கடைத்த சத்தம், நான் வீட்டில் முகம் சுளித்த அதே சத்தம், தனியாகக் கேட்டால் கதவைச் சாத்தச் சொல்வார்கள், ஆனால் ட்ரம்ஸுக்கும் தாம்பாளத்துக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் போய் ஜம்மென்று உட்கார்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும். கிக் கீழே, தாம்பாளம் மேலே, நடுவில் கிட்டார், இதுதானா, இவ்வளவுதானா? நான் காலி செய்து வைத்த வீட்டில் இவன் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறான். "சூப்பர் மச்சி!" என்று வெளியே பாரி. சீலன் வாசித்து முடிக்கிறான், தலையை ஆட்டுகிறான், வயரைக் கழற்றுகிறான். கழற்றிவிட்டு, மறுபடி கை போகிறது. பேஸை ஏற்றுகிறான். மிட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறான், மெதுவாக, அக்கறையாக, ஒரு சின்னத் தட்டுத் தட்டி அது சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்றுகூடப் பார்க்கிறான்.

"அதை ஏன் திருப்பி வச்ச?" என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. "எது? ஓ, உன் செட்டிங்மா, மாத்தினா கோச்சுப்பல்ல." சிரிக்கிறான். "என் கிட்டார் ஏன் கேக்கலைன்னு உனக்குத் தெரியும்." சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் இடம் மாறுகிறது. மெல்வினைப் பார்க்கிறான். மெல்வின் ஸ்நேரைத் திருகிக்கொண்டிருக்கிறான், திருகுவதற்கு அதில் ஒன்றுமில்லை. "எப்பலருந்து தெரியும் சீலா?" "விடு தாட்சு, இப்ப எதுக்கு." "எப்பலருந்து?" "முதல் நாளே தெரியும். பெட்ரூம் டோன், வீட்ல தனியா வாசிக்கிற எல்லாரும் பண்றதுதான். சொல்லலாம்னு இருந்தேன்." "அப்புறம்?" அவன் குரலைத் தாழ்த்துகிறான், கதவுக்கு வெளியே கேட்டுவிடக்கூடாது என்று. "சொன்னா நீ வாசிக்கிறது கேட்டுருமேம்மா. எல்லாருக்கும் கேட்டுரும். அந்த வேகமான இடத்துல நீ தடுமாறுவ, உன் விரலப் பாத்தாலே தெரியும், உனக்கே தெரியாது அது. மறைஞ்சிருக்கறது உனக்கும் நல்லதுதானேன்னு விட்டுட்டேன். உன் நல்லதுக்குத்தான்." நல்லதுக்கு. கன்னத்தில் அறைந்திருக்கலாம். இவன் என்னைக் காப்பாற்றினானா, புதைத்தானா? இரண்டும் ஒரே குமிழில் எப்படி இருக்கும்? அவன் பொய் சொல்கிறான் என்றால் எனக்குக் கோபம் வரும், கோபம் எனக்குப் பழக்கம். அவன் சொல்வது உண்மையாக இருந்தால்? அதை நினைத்ததும் கோபமெல்லாம் எங்கேயோ போய், வெறும் பயம் மட்டும் நின்றது. நான் நன்றாக வாசிக்கிறேனா என்று எனக்குத் தெரியாது. எந்த மேடையிலும் நான் என்னைக் கேட்டதேயில்லை.

வயரைச் சொருகுகிறேன். பீமன் முன்னால் குனிந்து, மிட்டைத் திருப்புகிறேன், முக்காலைத் தாண்டி, போகும்வரை போகட்டும் என்று. பேஸைக் குறைக்கிறேன். கெயினையும் குறைக்கிறேன், அதற்குக் கை வரவில்லை, அதுதான் எனக்குப் போர்வை, இருந்தாலும் குறைக்கிறேன். "தாட்சு, வேணாம், இன்னிக்கு வேணாம், பாரி வெளிய நிக்கிறான்" என்கிறான் சீலன், நிஜமாகவே பதறுகிற மாதிரி. "மெல்வின், எண்ணு." எண்ணுகிறான். இறங்குகிறேன். ஐயோ. இதுவா நான்? சரக்கு ஆட்டோ ஹார்ன் மாதிரி, கீச்சென்று, நடு நெற்றியில். ஆனால் கேட்கிறது, சாமி, ஒவ்வொன்றும் கேட்கிறது, விரல் தந்தியில் படுவது, எடுப்பது, முதல் வரி சரி, இரண்டாவது சரி, மெல்வின் நிமிர்ந்து பார்க்கிறான், அவன் என்னைக் கேட்டு வாசிக்கிறான், இதுவரை என் கையைப் பார்த்துத்தான் வாசித்தான். சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான். அப்புறம் அந்த இடம் வருகிறது. விரல் ஓடுகிறது. ஓடவில்லை. மோதிர விரல் பிந்துகிறது, ஒரு ஸ்வரத்தை விழுங்கிவிட்டது, அடுத்தது தாளத்துக்கு வெளியே போய் விழுகிறது, பட்டப்பகலில், எல்லார் காதிலும். ஒளிய இடமில்லை. வீட்டில் இத்தனை வருஷமாக இதை இப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேனா? சீலன் கண்ணை மூடிக்கொள்கிறான், எனக்காக. நிறுத்தவில்லை. குமிழையும் தொடவில்லை. திரும்ப அந்த இடம் வருகிறது, திரும்பவும் தடுக்கி விழுகிறேன், விழுந்தபடியே கடைசிவரை போகிறேன்.

கதவு படாரென்று திறக்கிறது. பாரி. "டேய் சீலா, என்னடா ஆச்சு உனக்கு? இப்பத்தான் நல்லா வாசிச்ச, அதுக்குள்ள அந்த இடத்துல ரெண்டு தடவ சொதப்புற?" நான் கிட்டாரை மாட்டிக்கொண்டு நடு அறையில் நிற்கிறேன். ஆம்ப்பில் என் வயர்தான் இருக்கிறது. அவன் கண் என்னைத் தாண்டி ஸ்டூலுக்குப் போகிறது. சீலன் மடியில் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறான், ஒரு மூச்சு யோசிக்கிறான், என்னைப் பார்க்கிறான், அப்புறம் பாரியைப் பார்த்துச் சிரிக்கிறான். "சாரி மச்சி, விரல் மரத்துப்போச்சு." எவ்வளவு சுலபமாக வருகிறது அவனுக்கு. தலையைக் குனிந்துகொண்டால் போதும். அவனே பழியைச் சுமந்துகொள்வான், நான் பழையபடி எங்கும் இல்லாமல் இருக்கலாம், பாரி இன்னும் சில மாதம் என்னை வைத்திருக்கக்கூடச் செய்வான், இரக்கப்பட்டு. மெல்வின் என்னையே பார்க்கிறான்.

"அவன் வாசிக்கல" என்றேன். "நான் வாசிச்சேன். சொதப்பினது நான்." பாரி இப்போதுதான் என் கையைப் பார்க்கிறான், வயரை, ஆம்ப்பை, மறுபடி என் கையை. வாயைத் திறக்கிறான். அவன் என்ன சொன்னாலும் சொல்லட்டும், முடிந்த பிறகு சொல்லட்டும். "இன்னும் முடியல. வெளிய போய் நில்லு, கதவச் சாத்து. அந்த இடத்துலருந்து மறுபடி எடுக்கிறேன்." சீலன் ஏதோ சொல்ல வந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. விரல்களைத் தந்தியில் வைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கதவு சாத்திக்கொள்கிறது, மெல்வின் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பிக்கிறான்.